பனிமான் எண்டு சொல்லிக் குடுத்த கறி

தம்பி தமிழ்தானே? நான் பஸ்ஸில ஏறேக்கையே கண்டிட்டன். தொப்பியைக் காதுமட்டும் இழுத்துவிட்டாலும் எங்கட ஆக்களின்ர முகத்தை மறைக்கேலாது. உதில இருக்கலாமோ? அந்தப் பையைக் கொஞ்சம் அங்கால தள்ளுங்கோ. ஆ, சரி. ஊரில எவடம்? மீசாலையோ? அப்ப எங்கட சித்தியின்ர மருமோள் பகுதி உங்களுக்குச் சொந்தமா வரவேணும். இல்லையோ? வரும், வரும், ஆறுதலா விசாரிச்சால் வரும். இஞ்சை இருக்கிறது இந்த பஸ் போய் நிக்கிற ஊரில, பக்டரிப் பெடியளோட சேந்தோ? நல்லது. நான் அளவெட்டி. பேர் தவமலர். இஞ்சத்தைச் சனத்துக்கு முழுப்பேரும் வாயில வராது, தவா எண்டுதான் கூப்பிடுங்கள். முப்பது வருசம் மீன் பக்டரியில மீன் வெட்டினனான், இப்ப பென்சன்.

நான் ஏன் இண்டைக்கு இவ்வளவு சந்தோசப் புழுகத்தோட இருக்கிறன் எண்டு கேளுங்கோவன். நாளைக்கு என்ர மகள் லண்டனில இருந்து வாறாள். நிலானி. எனக்கு இருக்கிறது அவள் ஒருத்திதான். தனிய என்னட்டை எண்டு அவள் கடைசியா வந்தது தேப்பன் செத்த வருசம். அதுக்குப் பிறகு வந்ததெல்லாம் ஆரோடையாவது வந்து, பிளேனுக்குப் பிந்தினவள் மாதிரி மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டுப் போனதுதான். இப்ப ஒரு கிழமை லீவு போட்டுக்கொண்டு, ரெண்டு பிளேன் மாறி, தனிய வாறாள். எதுக்கு வாறாள் எண்டு நினைக்கிறியள்? என்னோட சண்டை பிடிக்க. ஓம் தம்பி, சண்டை பிடிக்கத்தான். எனக்கு நேத்துத் தொடக்கம் இருப்புக்கொள்ளேல்லை.

சிரிக்காதேங்கோ. முழுக்கக் கேட்டால்தான் விளங்கும். இதெல்லாம் ஒரு திமிங்கிலத்தால வந்த வினை.

முதல் ஒண்டு சொல்லிப்போடுறன். நான் சட்டத்தை மீறுற ஆள் இல்லை. பொய் சொல்லுற ஆளும் இல்லை. இந்த வடக்குப் பனிநாட்டுக்கு வந்த நாளில இருந்து ரிக்கற் இல்லாமல் பஸ் ஏறினதில்லை, இந்தா பாருங்கோ ரிக்கற். திமிங்கிலம் இஞ்சை சட்டப்படி பிடிக்கிறது. எல்லாத் திமிங்கிலமும் இல்லை, ஒரு சாதி மட்டும், அதில சின்னன். சின்னன் எண்டால் இந்த பஸ்ஸில பாதிக்கு மேல வரும். அரசாங்கம் இத்தினைதான் பிடிக்கலாம் எண்டு அளவு வைச்சிருக்கு. சித்திரையில தொடங்கி கோடை முடிய மட்டும் பிடிப்பினம், கடையில வைச்சு வடிவாப் பேர் ஒட்டி விப்பினம். கள்ளமே இல்லை.

எனக்குப் பக்கத்து வீட்டு ஆர்னேதான் கொண்டந்து தாறவன். சொந்தமா வள்ளம் வைச்சுப் பிடிக்கிறவன். நாங்கள் வந்த புதுசில இந்தப் பக்கம் ஆடு எண்ட சாமானைக் கண்ணாலயும் காணேலாது. மாடு நாங்கள் தொடுறேல்லை. நாள் முழுக்க பக்டரியில மீனோட நிண்டிட்டு வீட்டை வந்து மீன் தின்னவும் மனம் வராது. நானும் மனுசனும் பருப்பையும் கிழங்கையும் பாத்துப் பாத்துக் காய்ஞ்சுபோய் இருக்கேக்கை, ஆர்னேயின்ர மனுசி ஒரு துண்டு கறுத்த இறைச்சி கொண்டந்து தந்தவா. கையால கடலைக் காட்டினவா. கடலில வாறதெல்லாம் மீன்தானே எண்டு நானும் சரக்குத்தூள் போட்டுப் பிரட்டி இறக்கினன். வாயில வைச்சால், ஐயோ தம்பி, ஆட்டு ஈரலுக்கும் மாட்டுக்கும் இடையில ஒரு உருசை! மாடு எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும் எண்டு நீங்கள் கேக்கக்கூடாது. என்ர மனுசன் சட்டியை வழிச்சு வழிச்சுத் திண்டார்.

பிறகுதான் அது பால் குடுக்கிற சீவன் எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். மனுசன் பாதிச் சாப்பாட்டில கையை எடுத்திட்டார். "எடியே, அப்ப இது மீன் பக்கமோ, மாட்டுப் பக்கமோ?" எண்டு கேட்டார். நான் சொன்னன், "கொம்பு இருக்கோ? இல்லை. குளம்பு இருக்கோ? இல்லை. அப்ப பேசாமல் தின்னுங்கோ." அதோட அந்த வழக்கு முடிஞ்சுது. வெள்ளிக்கிழமையில மட்டும் தொடமாட்டம். எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குத்தானே.

சரி, கதைக்கு வாறன். நிலானி லண்டனில ஒரு பெடியனை விரும்பினாள். டிலக்சன். தங்கமான பெடியன், தம்பி, நான் பொய் சொல்லேல்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை, பெரியாக்களைக் கண்டால் எழும்பி நிப்பான். குறை ஒண்டே ஒண்டுதான். அவன் வேலை செய்யிறது திமிங்கிலத்தைக் காப்பாத்துற சங்கத்தில. ஊரில எத்தினையோ சங்கம் கிடக்கு, கோயில் சங்கம் இருக்கு, பழைய மாணவர் சங்கம் இருக்கு, அவனுக்கு வாய்ச்சது உது. அவனும் தாய் தேப்பனும் எங்கட வீட்டைப் பாக்க வைகாசியில வருகினம் எண்டு சொல்லி, நிலானி எனக்கு முதலே ரெலிபோன் எடுத்தவள். "அம்மா, திமிங்கிலம் எண்ட சொல்லே உன்ர வாயில வரக்கூடாது. பிறீசரைப் பூட்டி வை." நான் சொன்னன், "பிள்ளை, எனக்கென்ன விசரே?" எண்டு.

வந்தினம். தேப்பன் குணநாயகம், இளமையில கப்பலில திரிஞ்சவராம், இப்ப முழங்கால் நோவோட லண்டனில வீட்டோட இருக்கிறார். தாய் கமலாசனி, அவ சிரிக்கிறது குறைவு. டிலக்சன் மச்சம் மாமிசம் மட்டுமில்லை, பாலும் தொடான், தயிரும் தொடான், தேனும் தொடான். என்ர கடவுளே, நான் தேத்தண்ணியை என்னெண்டு குடுக்கிறது? தனிச் சட்டி, தனி அகப்பை எண்டு ஓடுப்பட்டுத் திரிஞ்சன். பிள்ளையின்ர கலியாணக் காரியம், ஒரு பிசகு வரக்கூடாதுதானே. அவளுக்கு அவனில உயிர். நான் ஏதும் குழப்பினால் அவள் இந்த வீட்டு வாசலை ஆயுசுக்கும் மிதியாள் எண்டு எனக்குத் தெரியும்.

முதல்நாள் பின்னேரம் சாப்பாட்டு மேசையில, பெடியன் யன்னலால ஆர்னேயின்ர வள்ளத்தைக் கண்டிட்டான். முன் அணியத்தில திமிங்கிலம் சுடுற துவக்கு நிக்குது, சீலையால மூடினபடி. முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைக்கேலாதுதானே. "அன்ரி, நீங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள்?" எண்டு கேட்டான். நிலானி மேசைக்குக் கீழால என்ர காலில ஒரு உதை. நான் வாயை வைச்சுக்கொண்டு இருக்கலாம். இருந்தனானோ? இல்லை. "சட்டத்தில இடமிருக்குத்தானே தம்பி" எண்டு சொன்னன்.

அவன் கோவிக்கேல்லை. மெல்லமாக் கேட்டான், "சட்டத்தில இருந்தால் சரியாகுமோ அன்ரி? ஊரில எங்கட சனத்துக்கு நடந்ததெல்லாம் சட்டத்தோடதானே நடந்தது?"

எனக்குச் சோறு இறங்கேல்லை. ஆனா நானும் அளவெட்டியாள், விட்டுக்குடுப்பனோ? சொன்னன், "தம்பி, திமிங்கிலத்துக்கு ஒரு வெடியோட காரியம் முடிஞ்சிடும் எண்டு ஆர்னே சொல்லுறான். சிலவேளை முடியாதாம், அதையும் அவன் மறைக்கேல்லை. ஆனா நான் வெட்டின மீன் இருக்கே, அது பக்டரிப் பெல்ற்றில கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முப்பது வருசம் பாத்தனான். அதுக்கு ஆரும் ஒரு சங்கம் வைக்கேல்லையே?" அவன், "நீங்கள் சொல்லுறது சரி அன்ரி. எனக்கு அதுக்குப் பதில் தெரியேல்லை" எண்டான். தம்பி, என்னோட வாதாடித் தோத்துப்போனன் எண்டு ஒத்துக்கொண்ட முதல் ஆம்பிளை அவன்தான். அண்டைக்கே எனக்கு அவனை முழுசாப் பிடிச்சுப்போச்சு.

பிரச்சினை அவனால வரேல்லை. தேப்பனால வந்தது. மனுசன் மூண்டு நேரமும் பருப்பைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுறார். பெடியனுக்கு மரியாதையா எல்லாரும் மரக்கறிதானே சாப்பிட்டது. வீட்டுக்கு வந்த மனுசன் வயிறு வாடிக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. நாலாம் நாள் பெடியன், நிலானி, கமலாசனி மூண்டு பேரும் படகில திமிங்கிலம் பாக்கப் போயிட்டினம். உயிரோட இருக்கிறதைப் பாக்க. இவர் முழங்கால் நோ எண்டு நிண்டிட்டார். நான் குசினிக்குள்ள போய்ப் பிறீசரைத் திறந்தன்.

சும்மா காய்ச்சேல்லை தம்பி. முதலில பாலில ஊறவைக்க வேணும், அப்பதான் அந்த வெடுக்குப் போகும். பிறகு வினாகிரி, வறுத்த மிளகாய்த்தூள், கறுவா, கொஞ்சம் மிளகு, கருக விடாமல் பிரட்டி இறக்க வேணும். மணம் மேல்வீட்டுக்குப் போயிட்டுது, மனுசன் முழங்கால் நோவையும் மறந்து படியால ஓடி வாறார். "என்ன இறைச்சி தங்கச்சி?" எண்டார். "பனிமான் அண்ணை" எண்டன். அது பொய்யில்லை, சபைமரியாதை. திமிங்கிலம் காப்பாத்துற பெடியனைப் பெத்த மனுசனிட்டை வேற என்னத்தைச் சொல்லுறது?

புட்டோட சாப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். என்ர மனுசன் போனாப் பிறகு என்ர கறியை அப்பிடி ஒருத்தர் சாப்பிட்டதை நான் பாக்கேல்லை. எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

என்ன, பஸ் ஏன் நிக்குது? ஆ, அங்கை பாருங்கோ, றோட்டுக்கு நடுவில. உதுதான் பனிமான். உதுகளுக்கு பஸ்ஸும் தெரியாது நேரமும் தெரியாது. சாரதி ஹோர்ன் அடிக்கமாட்டான், அதுகளாப் போகும் மட்டும் நிக்கவேண்டியதுதான். கடை பூட்டமுதல் போயிடலாமோ? எனக்குக் கொஞ்சம் அந்தரமாக் கிடக்கு. ஏன் எண்டு பிறகு சொல்லுறன்.

வெளிக்கிடுற அண்டு காலமை குணநாயகம் அண்ணை மெல்லமாக் குசினிக்குள்ள வந்து, "தங்கச்சி, அந்தப் பனிமான் மிச்சம் ஏதும் கிடக்கோ?" எண்டு கேட்டார். வாய் திறந்து கேட்ட ஆளை வெறுங்கையோட அனுப்பலாமோ? நீங்களே சொல்லுங்கோ. எங்கட ஆக்கள் ஆருக்கும் பார்சல் இல்லாமல் பிளேன் ஏறிப் பழக்கமில்லை. ஐஸ்கிறீம் பெட்டிக்குள்ள போட்டு, கல்லு மாதிரி உறைய வைச்சு, கடதாசி சுத்தி, ஒட்டுற ரேப் சுத்தி, அதுக்கு மேல பொலித்தீன் சுத்தி, திரும்ப ரேப் சுத்தி, அவரின்ர உடுப்புகளுக்கு நடுவில வைச்சு விட்டன். ஒரு சொட்டு ஒழுகக்கூடாது எண்டுதான். நான் சுத்தின ரேப்பைக் கண்டுதான் லண்டன் எயார்போட்டில அவைக்குச் சந்தேகமே வந்ததாம்.

திறந்து பாத்திருக்கினம். இறைச்சி எண்டாலே கேள்வி. என்ன இறைச்சி எண்டு கேக்க, மனுசன் பனிமான் எண்டிருக்கிறார். அவை நம்பாமல் சோதினைக்கு அனுப்பி, கொஞ்ச நாளால முடிவு வந்திட்டுது, திமிங்கிலம் எண்டு. அங்கை அது பெரிய குற்றமாம். மனுசன் தண்டம் கட்டினார். கறியைக் கொண்டுபோய் எரிச்சுப்போட்டினமாம். பாலில ஊறவைச்சு, பாத்துப் பாத்துப் பிரட்டின கறி! அந்தத் திமிங்கிலம் பாவம், ரெண்டாம் தரமும் செத்துப்போச்சு.

எனக்கு ஒண்டு விளங்கேல்லை தம்பி. ஆர்னேயின்ர வள்ளத்தில அது சட்டம். கடையில சட்டம். என்ர சட்டிக்குள்ள சட்டம். பிளேனில ஏறி அங்கால இறங்க அது குற்றம். நடுவில எந்த இடத்தில அது குற்றமாகிறது? எந்த மேகத்துக்கு மேல? உதை நான் ஆர்னேயிட்டையும் கேட்டன். அவன் சிரிச்சுப்போட்டு, தங்களுக்கும் மற்ற நாடுகளுக்கும் உதே சண்டைதான் கனகாலமா நடக்குது எண்டான்.

அதுக்குப் பிறகு பாருங்கோ, கோதாரி. கமலாசனி எடுத்து ஒரு பேச்சு. "எங்கட மனுசனைக் கள்ளனாக்கிப்போட்டியள்!" பெடியன் தானாப் போய்ச் சங்கத்தில சொல்லியிருக்கிறான், என்ர அப்பாவின்ர பெட்டிக்குள்ளதான் திமிங்கிலம் பிடிபட்டது எண்டு. மறைக்கத் தெரியாத பிள்ளை. சங்கத்தில அவனுக்குத் தலை நிமித்தேலாமல் போச்சு. ஆர் இதைச் செய்தது எண்டு தெரியாமல் கலியாணக் கதை கதைக்கவேண்டாம் எண்டிட்டான். நிலானி எனக்கு எடுத்தாள். "அம்மா, உண்மையைச் சொல்லு. நீயோ குடுத்தனி?"

நான் என்ன சொல்லுறது? என்ர பிள்ளையின்ர வாழ்க்கை அந்தக் கேள்வியில தொங்குது. "நான் குடுத்தது பனிமான் பிள்ளை" எண்டன். அதுவும் பொய் எண்டு சொல்லேலாது. நான் அவருக்குப் பனிமான் எண்டு சொல்லித்தானே குடுத்தனான்? சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னனான்.

ரெலிபோனை வைச்சிட்டு அழுதன். பிறகு என்ன நடந்தது தெரியுமோ? குணநாயகம் அண்ணை எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுச் சொல்லியிருக்கிறார், தான்தான் துறைமுகத்துக் கடையில திமிங்கிலக் கறி வாங்கினவராம். தவமலர் தந்த பனிமானை பிளேன் ஏற முதலே திண்டு முடிச்சிட்டு, அந்த வெறும் பெட்டிக்குள்ள இதைப் போட்டு மூடினவராம். எல்லாரும் நம்பிட்டினம். ஏன் எண்டால் அந்த மனுசனின்ர வாய்க்கு அது பொருத்தமான கதை.

நான் பதறிப்போய் அவருக்கு எடுத்தன். "அண்ணை, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?" அவர் சொல்லுறார், "தங்கச்சி, மாமியில கோவம் எண்டால் கலியாணம் குழம்பும். அப்பனில கோவம் எண்டால் குழம்பாது. நான் கப்பலில போய்த் திமிங்கிலமும் திண்டவன். முதல் வாயிலயே எனக்குத் தெரியும் அது பனிமான் இல்லை எண்டு. தெரிஞ்சுதான் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினனான்." பாருங்கோ, எப்பிடி ஒரு மனுசன்! தையில கலியாணம் எண்டு திரும்ப நாள் வைச்சாச்சு. நான் சம்பந்தி முறைக்கு நல்ல பேரோட தப்பிட்டன்.

தப்பினது சரி. ஆனா மனம் குத்திக்கொண்டே இருந்தது. கறியை ஆரோ குடுக்க, பேச்சை ஆரோ வாங்கிறது நீதியோ? கோடை முடியிற நேரம் ஒருநாள் அவருக்கு எடுத்து, "அண்ணை, நான் உண்மையைச் சொல்லப்போறன். தேப்பனும் மகனும் என்னால கதை பேச்சில்லாமல் இருக்கக்கூடாது" எண்டன்.

"ஐயோ தங்கச்சி, சொல்லிப்போடாதை!" எண்டு மனுசன் கத்துறார். "ஆர் சொன்னது கதை பேச்சில்லை எண்டு? முந்தி அவன் மாசத்தில ஒருக்கா வருவான், காரை விட்டு இறங்கான். எப்பிடியப்பா, சுகமோப்பா, வாறன்ப்பா. அவ்வளவுதான். இப்ப ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு நேர என்னட்டை வாறான். என்னைத் திருத்தவாம். திமிங்கிலம் படம் போட்டுக் காட்டுறான், அது பாடுறதைக் கேக்க வைக்கிறான், குட்டியைப் பக்கத்தில வைச்சுக்கொண்டு தாய் எப்பிடி நீந்துது எண்டு காட்டுறான். நான் குறுக்குக் கேள்வி கேக்கிறன், அவன் கோவிச்சுக் கத்துறான், பிறகு ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுறம். அவனுக்குப் பத்து வயசுக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு கதைச்சதில்லை. நான் திருந்தி முடிஞ்சால் வராமல் விட்டிடுவான். அதால கொஞ்சம் கொஞ்சமாத்தான் திருந்துறன்."

தம்பி, உங்களுக்கு மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு, எனக்கு எரிச்சல் வந்திட்டுது. குற்றம் செய்தது நான். கறி காய்ச்சினது நான். ரேப் சுத்தினது நான். பேச்சு வாங்கிற பாக்கியம் மட்டும் அவருக்கு! எனக்கு என்ன கிடைச்சது? ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன். "சாப்பிட்டியோ அம்மா, மருந்துக் குளுசை போட்டியோ, குளிரோ, சரி வைக்கிறன்." நல்ல தாய் எண்டு பேரெடுத்து நான் கண்டது உதுதான். அவள் என்னோட கோவிச்சாவது கொஞ்சநேரம் நிண்டால் காணும் எண்டு இருந்தது.

உண்மையைச் சொல்லவும் ஏலாது, அண்ணையின்ர பின்னேரம் பாழாப்போகும். யோசிச்சன், யோசிச்சன். போன ஞாயிறு அவள் குளுசைக் கேள்விக்கு வாறதுக்கு முதல் நான் முந்திக்கொண்டு சொன்னன், "பிள்ளை, ஆர்னே கொண்டந்து தந்தவன், பிறீசர் நிறையத் திமிங்கிலம் கிடக்கு. பிரட்டட்டோ பொரிக்கட்டோ எண்டு யோசிக்கிறன்" எண்டு.

தொடங்கினாள் பாருங்கோ! "அம்மா, உனக்கு வெக்கமில்லையோ! டிலக்சன்ர அப்பா பட்ட பாடு காணாதோ! கலியாணம் கிட்ட வருது, நீ என்ன செய்யிறாய்!" வெய்யில் படுற மட்டும் பேசினாள். ரெலிபோன் காதில சுட்டுது. நான் இடைக்கிடை, "சட்டத்தில இருக்குத்தானே பிள்ளை" எண்டு ஒரு விறகு தள்ளுவன், அவள் இன்னும் கூடப் பத்துவாள். கடைசியா, "ஒண்டையும் தொடாதை, நான் நேர வந்து எல்லாத்தையும் எடுத்து எறிஞ்சு, உன்னையும் இருத்தி வைச்சுக் கதைச்சிட்டுத்தான் போவன்" எண்டாள். கதைச்சிட்டுத்தான் போவாளாம்! எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, பொத்திக்கொண்டு வைச்சன்.

அப்பாடா, மான் விலத்திட்டுது, பஸ் வெளிக்கிட்டிட்டுது.

இப்ப பிரச்சினை என்ன எண்டு சொல்லுறன் கேளுங்கோ. என்ர பிறீசருக்குள்ள திமிங்கிலம் இல்லை. ஒரு துண்டும் இல்லை. வைகாசியில அண்ணைக்குக் காய்ச்சினதுதான் கடைசி. ஆர்னே பிறகும் கொண்டந்து நீட்டினவன், நான் வயித்துக் கோளாறு எண்டு சொல்லித் திருப்பி அனுப்பிட்டன். என்னவோ தெரியேல்லை தம்பி. அந்தப் பெடியன் மேசையில கேட்ட கேள்வி தொண்டையில நிண்டிட்டுது. அது இறங்கினால்தானே மற்றது இறங்கும். உதை நீங்கள் ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. என்ர மகளின்ர காதில விழுந்தால், "ஓ, நல்லது அம்மா" எண்டு சொல்லிப்போட்டு ரிக்கற்றைத் திருப்பிக் குடுத்திடுவாள்.

ஆர்னேயிட்டை வெக்கத்தை விட்டுப் போய்க் கேட்டன். பிடிக்கிற காலம் முடிஞ்சுது, இருந்ததெல்லாம் வித்திட்டானாம். எங்கட ஊர்க் கடையிலயும் இல்லை. அதுதான் நான் இப்ப நீங்கள் இருக்கிற ஊருக்கு வெளிக்கிட்டது, அங்கத்தைப் பெரிய கடையில உறையவைச்சது கிடைக்கும் எண்டு சொல்லிச்சினம். திண்டுகொண்டு திரிஞ்ச காலத்தில ஒருநாளும் நான் காசு குடுத்து வாங்கினதில்லை, தின்னாமல் விட்டாப் பிறகு மினக்கெட்டு பஸ் ஏறி வாங்கப் போறன். என்ர தலைவிதியைப் பாத்தியளே?

கடை பூட்டியிருந்தால் என்ன செய்யிறது? நாளைக்கு மத்தியானம் பிளேன் இறங்குது. அவள் வந்த கையோட பிறீசரைத் திறப்பாள், எனக்கு அவளைத் தெரியும். வெறும் பிறீசரைக் கண்டால் யோசிப்பாள். யோசிச்சால் கண்டுபிடிப்பாள். கண்டுபிடிச்சால் பிறகு கதைக்க என்ன கிடக்கு? தேத்தண்ணியைக் குடிச்சிட்டு மணிக்கூட்டைப் பாக்கத் தொடங்கிடுவாள்.

தம்பி, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. நீங்கள் பெடியள் சேந்து இருக்கிற வீட்டில ஏதும் கிடக்கோ? பக்டரிப் பெடியள் வாங்கி வைச்சிருப்பியள்தானே.

என்ன, கிடக்கோ! நல்லாயிருப்பியள் மோனே. எவ்வளவு?

ஒரு பைக்கற்றோ?

ஒரு பைக்கற் காணாது தம்பி. அதைத் தூக்கி எறிய அவளுக்கு ஒரு நிமிசம் போதும். பிள்ளை ஒரு கிழமை நிக்கவேணும்.